குறைக்கப்பட்ட பன்னிரண்டு நிமிடம்

வாங்கம்மா, வாங்க. செருப்பை உள்ளயே விட்ருங்க, வெளியில விட்டா நாய் தூக்கிட்டுப் போயிரும். அந்த நாற்காலி வேணாம், அதுக்கு ஒரு கால் ஆடும், இதுல உக்காருங்க. சௌந்தரம்! சினிமா விமர்சனம் எழுதுற பொண்ணு வந்துட்டாங்க, காபி போடு. என் மகதான். வாத்தியாரம்மா, இன்னைக்கு லீவு போட்டிருக்கா. நான் உங்ககிட்ட ஏதாவது ஏடாகூடமாப் பேசிருவேன்னு அவளுக்குப் பயம்.

பதினோரு பேருக்கு லெட்டர் போட்டேன்மா. எல்லாரும் 'உறங்காதவர்' படத்தைப் பத்தி எழுதினவங்க, பேசினவங்க. கம்ப்யூட்டர்ல படம் காட்டிக்கிட்டே பேசுவானே ஒரு கண்ணாடிக்காரப் பையன், அவனுக்கும் போட்டேன். ஒருத்தரும் பதில் போடல. நீங்க ஒருத்தர்தான் மெட்ராஸ்லேர்ந்து ரயிலேறி வந்திருக்கீங்க. அங்கயற்கண்ணின்னு பேரைப் பார்த்தப்பவே நினைச்சேன், இது மதுரைப் பக்கத்துப் பொண்ணாத்தான் இருக்கும், பெரியவன் கூப்பிட்டா வரும்னு.

நான் யாருன்னு லெட்டர்லயே எழுதியிருந்தேன். மாசிலாமணி ஐயாகிட்ட இருபத்தொன்பது வருஷம் உதவியாளரா இருந்தவன். வைரவன்னு பேரு. ஐயா வெறும் கரும்பு விவசாயிகள் சங்கத் தலைவரா இருந்தப்ப சேர்ந்தேன். தொழில் மந்திரி ஆனாங்க, கூட இருந்தேன். பதவி போச்சு, கூட இருந்தேன். ஆஸ்பத்திரியில கடைசியா மூச்சு நின்னப்ப கால்மாட்டுல நின்னுக்கிட்டிருந்தேன். அந்தப் படம் எடுத்தவங்க என்கிட்ட வந்து ஒரு வார்த்தை கேக்கல. கேட்டிருந்தா நான் சொல்லியிருக்க மாட்டேன், அது வேற விஷயம். ஆனா கேக்கணுமில்ல?

இந்த ஃபைலைப் பாருங்க. படத்தைப் பத்தி வந்த விமர்சனம் ஒண்ணு விடாம இதுல இருக்கு. ஒரு இங்கிலீஷ் பேப்பர்காரர் ஐயாவா நடிச்சவன் தலையில வச்ச விக்குக்கு மூணு ஸ்டார், படத்துக்கு ரெண்டு ஸ்டார்னு எழுதியிருக்காரு. சௌந்தரம் படிச்சுச் சொன்னப்ப நானே சிரிச்சுட்டேன். ஒருத்தர் ஐயாவா நடிச்ச பையனை ஆஹா ஓஹோன்னு புகழ்ந்திருக்காரு, அப்படியே தலைவரைப் பார்க்கிற மாதிரி இருக்காம். இவரு எங்க ஐயாவைப் பார்த்தாரு? ஐயா இடது கைக்காரங்கம்மா. கையெழுத்து இடது கை, மாலை போட வர்றவனைத் தடுக்கிறது இடது கை. படத்துல அந்தப் பையன் ஃபைல் ஃபைலா வலது கையில கையெழுத்துப் போடுறான். பதினோரு விமர்சகர்ல ஒருத்தராவது கண்டுபிடிச்சீங்களா? நீங்களும்தான்மா. கோவிச்சுக்காதீங்க.

நீங்க எழுதினதை நான் பாக்காமச் சொல்லுவேன், கேக்கிறீங்களா? 'மருதாங்கோட்டைத் துப்பாக்கிச் சூட்டைக் காட்டும் இடத்தில் இந்தப் படம் வரலாற்றுக்கு வெள்ளையடிக்கிறது. ஒரு உயிர்கூடப் போகக் கூடாது என்று மாசிலாமணி தொலைபேசியில் முழங்குகிறார். ஆனால் அன்று சுடுவதற்குச் சம்மதம் சொன்னவர் அவரேதான். விசாரணைக் கமிஷனில் அவரே அதை ஒப்புக்கொண்டிருக்கிறார்.' சரியா? ஒரு எழுத்து மாறலையே?

இதுக்குத்தான் கிழவன் கோவப்பட்டு லெட்டர் போட்டிருக்கான்னு நினைச்சு வந்திருப்பீங்க. கட்சிக்காரங்க உங்களைத் திட்டினாங்கன்னு கேள்விப்பட்டேன். ஆபீசுக்கு முன்னாடி கோஷம் போட்டாங்களாமே. எனக்கு அந்தக் கோவம் இல்ல. கமிஷன் அறிக்கையை நீங்க படிச்சுட்டு எழுதியிருக்கீங்க. மத்தவன் அதைக்கூடப் படிக்கல. அதுல நீங்க எழுதினது சரிதான். அறிக்கையில அப்படித்தான் இருக்கு.

என் விஷயம் அடுத்த பாரா. 'அதற்கு முன்னால் உதவியாளர் வேட்டி தடுக்கி விழுந்து, எழுந்து, உறங்கும் தலைவரை எழுப்பப் போகும் நகைச்சுவைக் காட்சி எதற்கு? கத்தரி போட்டிருந்தால் படத்துக்கு நல்லது.' கத்தரி போட்ருந்தா. நீங்க மட்டுமில்ல, நாலு பேர் அதே சீனைச் சொல்லியிருக்கீங்க. படம் நீளம், இழுவை, முதல் பாதி நகரல, அந்தக் காமெடி தேவையில்ல. வெள்ளிக்கிழமை படம் வந்துச்சு. அடுத்த வியாழக்கிழமை பேப்பர்ல விளம்பரம் போட்டான் பாருங்க, இதோ இருக்கு, 'ரசிகர்களின் விருப்பத்துக்கிணங்க பன்னிரண்டு நிமிடம் குறைக்கப்பட்டு, விறுவிறுப்பாக!' எந்த ரசிகன்மா விரும்பினான்? என்னை யாரும் கேக்கலையே!

எனக்கு உங்களால ஒரே ஒரு காரியம் ஆகணும். அந்த சீனைத் திரும்பச் சேர்க்கச் சொல்லி நீங்க எழுதணும். நீங்க எழுதினதாலதானே எடுத்தாங்க? நீங்க எழுதினா சேர்ப்பாங்க. அவ்வளவுதான். வேற ஒண்ணும் கேக்கல.

காபியைக் குடிங்க, ஆறிரும். சர்க்கரை பத்தலைன்னா சொல்லுங்க, இவ எனக்குச் சர்க்கரை இருக்குன்னு ஊருக்கே குறைச்சுப் போடுவா.

ஏன்னு கேக்கிறீங்க. கேப்பீங்கன்னு தெரியும். ஒரு சிரிப்பு சீனுக்கு இம்புட்டு ஆர்ப்பாட்டமான்னு சௌந்தரமும் கேட்டா. என்னைக் கோமாளியாக் காட்டியிருக்கான், அதை வெட்டினதுக்கு நான் சந்தோஷப்படணுமாம். உண்மைதான். அந்த நடிகரு தொந்தியும் தொப்பையுமா இருக்காரு, நான் அப்ப குச்சி மாதிரி இருப்பேன். வேட்டி தடுக்கி நான் ஒரு நாளும் விழுந்ததில்ல. ஐயாவோட நடைக்கு ஈடு கொடுத்து நடந்தவன் நான், விழுவேனா?

அது என்னன்னா... நீங்க அந்தப் போனைக் கொஞ்சம் கவுத்து வைங்கம்மா. ரிக்கார்டு பண்றீங்களா? வேணாம், ரிக்கார்டை நிறுத்திருங்க. சும்மா பேசிக்கிட்டிருப்போம்.

அப்ப மந்திரி பங்களாவுல கூடத்துல ஒரு போன் இருக்கும். கறுப்புப் போன். அதுக்குப் பக்கத்துல ஒரு மர ஸ்டூல், அதுதான் என் இடம். வர்ற போன் எல்லாம் நான்தான் எடுப்பேன். 'ஐயாகிட்ட கேட்டுச் சொல்றேன், லைன்ல இருங்க'ன்னுட்டு ரிசீவரை மேஜையில படுக்க வச்சிட்டு, உள்ள போய் ரெண்டு வாய் தண்ணி குடிச்சிட்டு வருவேன். வந்து, 'கேட்டுட்டேன், சரின்னுட்டாங்க'ன்னு சொல்லுவேன். சிரிக்காதீங்க. எல்லா மந்திரி வீட்டிலயும் அப்படித்தான். எல்லாத்துக்கும் அவங்களைப் போய்க் கேட்டா அவங்க எப்ப வேலை பாக்கிறது? ஐயாவே சொல்லியிருக்காங்க, 'சில்லறை விஷயத்துக்கெல்லாம் என்கிட்ட வராதே வைரவா, என் மனசு உனக்குத் தெரியும்ல, நீயே சொல்லிரு'ன்னு. தெரியும்தான். அவங்க எதுக்குச் சரிம்பாங்க, எதுக்கு முடியாதும்பாங்கன்னு எனக்குத் தெரியும். அந்த 'சரின்னுட்டாங்க'ல எத்தனை பேருக்கு ஆஸ்பத்திரியில கட்டில் கிடைச்சிருக்கு, எத்தனை புள்ளைங்களுக்குப் பள்ளிக்கூடத்துல இடம் கிடைச்சிருக்கு! ஒரு நாளும் தப்பினதில்ல. ஒரு நாளும்.

எண்பத்தொண்ணு, மாசி மாசம். மருதாங்கோட்டை சர்க்கரை ஆலை வாசல்ல கரும்பு விவசாயிங்க ஒம்பது நாளா உக்காந்திருக்காங்க. கரும்பு காயுது, வெட்டிக் கொண்டு வரச் சொல்லி ஆலை உத்தரவு தரல. அந்த வாசல்ல ஐயாவே எத்தனையோ தடவ உக்காந்தவங்கதான். இப்ப மந்திரி. மூணு நாளாக் கண்ணை மூடல. பேச்சுவார்த்தை, முதலமைச்சர் வீடு, திரும்பப் பேச்சுவார்த்தை. காய்ச்சல் வேற நூத்திரண்டு. அன்னைக்கு டாக்டர் வந்து ஊசி போட்டாரு. ரெண்டு வாய் ரசஞ்சாதம் சாப்பிட்டுட்டுப் படுத்தாங்க. படுக்கும்போது சொன்னாங்க, 'நாலு மணி வரைக்கும் இடியே விழுந்தாலும் எழுப்பாதே வைரவா. நாலு மணிக்கு நான் மருதாங்கோட்டை கிளம்புறேன். நானே போய் அவங்களோட உக்கார்றேன்.' இதைச் சொன்னது எனக்கு மட்டும்தான் தெரியும். கமிஷன் அறிக்கையில இது இல்ல.

ரெண்டே முக்காலுக்குப் போன் அடிச்சுச்சு.

மருதாங்கோட்டையிலேர்ந்து அதிகாரி. கூட்டம் கேட்டைத் தள்ளுது, கல்லு வருது, நடவடிக்கை எடுக்க வேண்டியிருக்கு, மந்திரிகிட்ட ஒரு வார்த்தை கேக்கணும்ன்னாரு. அவரு தடியடிக்குத்தான் கேக்கிறாருன்னு நான் நினைச்சேன். யாரா இருந்தாலும் அப்படித்தானே நினைப்பாங்க? 'லைன்ல இருங்க'ன்னுட்டு ரிசீவரைப் படுக்க வச்சேன்.

அன்னைக்கு நான் தண்ணி குடிக்கப் போகலம்மா. நேரா ஐயா ரூமுக்குத்தான் போனேன். சத்தியமாப் போனேன். கதவைத் திறந்தேன். ஐயா மல்லாந்து படுத்திருக்காங்க, வாய் லேசாத் திறந்திருக்கு, இடது கை நெஞ்சு மேல கிடக்கு. காய்ச்சல் விட்டு வேர்வை வந்திருக்கு நெத்தியில. அந்த மூணு நாள்ல முகத்துல இருந்த கடுகடுப்பு எதுவும் இல்ல. எனக்குப் பாவமா இருந்துச்சு. எழுப்ப மனசு வரல. கட்டில் வரைக்கும் போனேன், கால் பக்கத்துல கையைக் கொண்டு போனேன். தொடல. திரும்பி வந்துட்டேன். கதவைச் சத்தமில்லாமச் சாத்தினேன். சாத்துறதுல நான் கெட்டிக்காரன்.

போனை எடுத்து, 'கேட்டுட்டேன். சரின்னுட்டாங்க'ன்னேன்.

என்னம்மா? ஏன் அப்படிப் பாக்கிறீங்க?

அடிக்குது பாருங்க. உங்க போன்தான், ஆடுது. எடுங்கம்மா. பரவாயில்ல, எடுங்க. யாரா வேணா இருக்கட்டும், எடுத்துப் பேசிருங்க. நான் காத்திருக்கேன். எடுங்கம்மா!

அம்மாவா? நல்லது. சாப்பிட்டியான்னு கேட்டாங்களா? எப்ப அடிச்சாலும் எடுத்துரணும்மா. எங்க வீட்டுல போன் அடிச்சா சௌந்தரம் எங்க இருந்தாலும் ஓடி வந்துருவா. நான் எடுக்கிறதில்ல. நாற்பது வருஷத்துக்கு மேல ஆச்சு. மூணு தடவைக்கு மேல அடிச்சா எந்திரிச்சுக் கொல்லைப் பக்கம் போயிருவேன்.

எதுல விட்டேன்? ஆமா. நாலு மணிக்கு ஐயா எந்திரிச்சாங்க. நான் எழுப்பல, அவங்களா எந்திரிச்சாங்க. அதுக்குள்ள சேதி வந்துருச்சு. ஆறு பேர். நான் காபியைக் கொண்டு போய் வச்சிட்டு நின்னேன். ஐயா என் முகத்தைப் பார்த்தாங்க. 'போன் வந்துச்சாப்பா?'ன்னாங்க. வந்துச்சுன்னேன். 'என்ன சொன்னே?'ன்னாங்க. நான் காபி டம்ளரையே பார்த்துக்கிட்டிருந்தேன். அந்தக் காபியில ஆடை கட்டிருச்சு. அதை ஒரு விரலால ஒதுக்கிட்டு, பச்சைத் தண்ணி மாதிரி ஒரே மூச்சுல குடிச்சாங்க. சட்டையை எடுத்து மாட்டினாங்க. 'வண்டியை எடுக்கச் சொல்லு, மருதாங்கோட்டைக்கு'ன்னாங்க. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் என்கிட்ட அதைப் பத்திக் கேட்டதே இல்ல. ஒரு வார்த்தை கேக்கல.

திட்டியிருக்கலாம். செருப்பைக் கழட்டி அடிச்சிருக்கலாம். அடிச்சிருந்தா நல்லா இருந்திருக்கும்னு இப்பத் தோணுது.

கமிஷன்ல நீதிபதி கேட்டாரு, போன்ல பதில் சொன்னது யாருன்னு. ஐயா 'நான்தான்'ன்னாங்க. நான் மூணாவது வரிசையில ஃபைலை மடியில வச்சிக்கிட்டு உக்காந்திருக்கேன். எந்திரிக்கணும்னு காலை ஊனினேன்மா. அப்ப ஐயா திரும்பி என்னைப் பார்த்தாங்க. உக்காருன்னு சொல்ற மாதிரி இருந்துச்சு. எனக்கு அப்படித்தான் பட்டுச்சு. ஐயா சொல்லி நான் மீறினதில்ல. உக்காந்துட்டேன். அதுதான்மா விசுவாசம். நான் அன்னைக்கு எந்திரிச்சிருந்தா ஐயா கமிஷன்ல பொய் சொன்னாங்கன்னு ஆயிருக்கும். அவங்க மானம் என்ன ஆகுறது? அதுக்காகத்தான் நான் இன்னைய வரைக்கும் வாயைத் திறக்கல. பொண்டாட்டிகிட்டகூடச் சொல்லல. அவ போய்ச் சேர்ந்துட்டா, தெரியாமலே.

துப்பாக்கிச் சூட்டுக்கு மறுநாள் காலையில போய்ப் பாக்கிறேன், கூடத்துல போன் இல்ல. ஐயா அதைத் தன் ரூமுக்கு மாத்தச் சொல்லிட்டாங்க. கட்டிலுக்குப் பக்கத்துல. ஸ்டூல் மட்டும் கூடத்துல கிடக்கு. அதுக்கப்புறம் எந்தப் போன் வந்தாலும் அவங்களே எடுத்தாங்க. மத்தியானம் படுக்கிறதை விட்டுட்டாங்க. நாற்காலியில உக்காந்து போனைப் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. மந்திரி பதவி போன பிறகு யாரும் கூப்பிடாத நாள்லயும் பார்த்துக்கிட்டே இருப்பாங்க. இருபத்திமூணு வருஷம். இவனுங்க படத்துக்கு 'உறங்காதவர்'னு பேரு வச்சு, ஒரு நாளைக்குப் பதினெட்டு மணி நேரம் உழைச்ச தலைவர்னு போஸ்டர் அடிச்சிருக்கானுங்க. நீங்க எல்லாரும் பேரு பொருத்தம்னு எழுதுறீங்க. ஏன் உறங்கலன்னு ஒரு விமர்சகருக்கும் கேக்கத் தோணலையா?

படத்துல ஒரு பொம்பள மண்ணை வாரித் தூத்துவா பாருங்க ஐயா மேல. அந்த இடத்துக்கு அம்புட்டுப் பேரும் பாராட்டு. கேமராவுக்குப் பாராட்டு, மெதுவா விழுற மண்ணுக்குப் பாராட்டு. நீங்ககூட, 'படத்தின் ஒரே உண்மையான கணம்'னு எழுதினீங்க. அது பெரியாஸ்பத்திரி வாசல்ல நடந்தப்ப நான் ஐயாவுக்கு ஒட்டிப் பின்னாடி நின்னேன். அந்தப் பொம்பள குனியும்போதே எனக்குத் தெரிஞ்சு போச்சு. நான் ஒரு எட்டு தள்ளி நின்னுக்கிட்டேன். மண்ணு பூரா ஐயா மேல. துண்டால தட்டி விட்டது நான்தான், படத்துல அதைக் காட்டல. தோள்ல, காதோரம், புருவத்துல. ஐயா கண்ணை மூடிக்கிட்டு நின்னாங்க. அது யாரு மேல விழுந்திருக்க வேண்டிய மண்ணுன்னு எங்க ரெண்டு பேருக்கும் தெரியும்.

சரி, படத்துக்கு வர்றேன்.

முதல் நாள் போகல. ரெண்டாம் நாள் சௌந்தரத்துக்குத் தெரியாமப் போனேன். பால்கனிக்கு முப்பத்தெட்டுப் படி, நிக்காம ஏறிருவேன். என்னத்தையோ காட்டிக்கிட்டிருந்தான், தாங்க முடியல, எந்திரிச்சுப் போயிரலாம்னு பார்த்தேன். அப்பப் போன் அடிக்குது. அதே கறுப்புப் போன். எங்க பிடிச்சானோ தெரியல. எனக்கு நாற்காலியோட கைப்பிடியை விட முடியல. அந்தக் குண்டு நடிகரு எடுக்கிறாரு, கேக்கிறாரு, ரிசீவரைப் படுக்க வைக்கிறாரு. ஓடுறாரு. வேட்டி தடுக்கி விழுறாரு, சொம்பு உருளுது, தியேட்டரே சிரிக்குது. பக்கத்துல ஒரு ஆளு தொடையில தட்டிச் சிரிக்கிறான். அவரு எந்திரிச்சுக் கதவைத் திறக்கிறாரு. ஐயா படுத்திருக்காங்க, வலது கை நெஞ்சு மேல. பரவாயில்லன்னு விட்டுட்டேன். அவரு ஐயா காலைத் தொட்டு உலுக்குறாரும்மா. 'ஐயா, ஐயா, எந்திரிங்க'ங்கிறாரு. ஐயா கண்ணை முழிச்சு, 'என்னப்பா?'ங்கிறாங்க.

'என்னப்பா.' அப்படித்தான் கூப்பிடுவாங்க என்னை. எழுதினவனுக்கு எப்படித் தெரிஞ்சுச்சுன்னு தெரியல, சும்மா எழுதியிருப்பான். நான் அழுதேன். எல்லாரும் சிரிச்சுக்கிட்டிருந்ததால யாருக்கும் கேக்கல.

மறுநாள் திரும்பப் போனேன். அதுக்கு மறுநாளும் போனேன். அந்த ஒரு இடத்துக்காகத்தான். ஐயா எந்திரிச்சதும் நான் எந்திரிச்சு வெளியில வந்துருவேன். அப்பல்லாம் போன்ல அவங்க முழங்குறதை நான் பார்த்ததே இல்ல. அது பொய்யின்னு நீங்க எழுதினீங்களே, நீங்க சொன்னாச் சரி. ஆனா ஒண்ணு சொல்றேன், எழுப்பியிருந்தா அதைத்தான் சொல்லியிருப்பாங்க. அந்த வார்த்தையையே சொல்லியிருப்பாங்க. எனக்கு அவங்க மனசு தெரியும்.

அஞ்சு தடவை பார்த்தேன். ஆறாவது தடவை போறேன், போன் அடிக்குது, குண்டு நடிகரு எடுக்கிறாரு, டக்குன்னு ஐயா போன்ல நின்னு முழங்குறாங்க. கதவே இல்ல. கட்டிலே இல்ல. நான்தான் கண்ணசந்துட்டேனோன்னு நினைச்சு அடுத்த ஆட்டத்துக்கும் டிக்கெட் எடுத்து உக்காந்தேன். அதுலயும் இல்ல. கீழ மேனேஜரைப் பிடிச்சேன். 'குறைச்சுட்டாங்க சார், கம்பெனியிலேர்ந்தே புதுசா அனுப்பிட்டாங்க, இப்ப நல்லா விறுவிறுன்னு இருக்குல்ல?'ன்னாரு. அப்புறந்தான் வீட்டுக்கு வந்து உங்களுக்கெல்லாம் லெட்டர் எழுத உக்காந்தேன்.

என்னம்மா சொல்றீங்க? நான் சொன்னதை அப்படியே எழுதிரவான்னா கேக்கிறீங்க? எதை, போன் எடுத்தது நான்தான்கிறதையா? வேணாம்மா. வேணாம். அதுனால இனிமே யாருக்கு என்ன? ஐயா பேரு சுத்தமாகும்ங்கிறீங்க. ஐயாவே நான்தான்னு சொன்ன பிறகு நான் இல்லைன்னு சொன்னா நல்லா இருக்குமா? அவங்க ஒரு முடிவு எடுத்தாங்க, நான் காப்பாத்திக்கிட்டிருக்கேன். அதைப் போய்க் கெடுக்கச் சொல்றீங்களே. சௌந்தரத்துக்கு வேற பள்ளிக்கூடத்துல தலை காட்ட வேணாமா?

அங்கயா? மருதாங்கோட்டைக்கா? போனதில்ல. அன்னைக்கு ஐயா வண்டியில ஏறினப்ப நான் பின்னாடி உக்காந்தேன்ல, அப்ப ஆலை வாசல் வரைக்கும் போனேன். வண்டியை விட்டு இறங்கல. அதுக்கப்புறம் போகணும்னு நினைச்சதுதான். பஸ் ஸ்டாண்டுலேர்ந்து ரொம்பத் தூரம் நடக்கணும்மா, என் முட்டி ஒத்துழைக்காது. அந்தக் குடும்பத்துக்காரங்க எல்லாம் இப்ப எங்க இருக்காங்களோ. நம்மளைப் பார்த்தா அவங்களுக்கும் சங்கடம்.

பேரெல்லாம் தெரியும். ஏன் தெரியாது? பேப்பர்ல போட்டிருந்தானே. மாரநாடு. அவன் தம்பி கருத்தமலை. சோணைமுத்து. இருளாண்டி, அவருக்கு அறுபத்தெட்டு வயசு. அப்துல் மஜீத், கரும்பு லாரி ஓட்டுறவரு. பேச்சியம்மா. அது போராட்டத்துக்கே வரல, புருஷனுக்குக் கஞ்சி கொண்டு வந்துச்சு. மண்ணை வாரித் தூத்தினது அதோட ஆத்தா.

நான் உங்ககிட்ட ஒண்ணு சொல்றேன், கிழவனுக்குக் கிறுக்குன்னு நினைச்சுக்காதீங்க. முதல் தடவை அந்தக் குண்டு நடிகரு ஐயா காலைத் தொடும்போது நான் என்னை அறியாம வாய்க்குள்ள 'மாரநாடு'ன்னேன். ஐயா முழிச்சாங்க. ரெண்டாவது தடவை 'கருத்தமலை'ன்னேன். முழிச்சாங்க. ஒரு ஆட்டத்துக்கு ஒரு ஆளு. சோணைமுத்து. இருளாண்டி. மஜீத் பாய். அஞ்சு தடவை எழுப்பினேன்மா ஐயாவை, அஞ்சு தடவையும் எந்திரிச்சாங்க. ஒரு தடவைகூட மறுக்கல. அந்த அஞ்சு ராத்திரியும் நான் நல்லாத் தூங்கினேன், சௌந்தரத்தைக் கேளுங்க. ஆறாவது நாள்தான் கதவு இல்ல.

இப்பவும் மத்தியான ஆட்டம் ஒண்ணு ஓடிக்கிட்டுத்தான் இருக்கு, கூட்டம் இல்ல. நாளன்னைக்கு வியாழக்கிழமை எடுத்துருவான். நீங்க அந்தக் கம்பெனிக்காரங்ககிட்டப் பேசுங்கம்மா. நீங்க சொன்னா கேப்பாங்க. படம் பூரா சேர்க்க வேணாம். எல்லா ஊர்லயும் சேர்க்க வேணாம். இந்த ஊர்ல, இந்தத் தியேட்டர்ல, ஒரே ஒரு ஆட்டம். சிரிக்கிறவங்க சிரிச்சுட்டுப் போகட்டும்.

பேச்சியம்மா ஒண்ணுதான்மா பாக்கி.